ஐஸ் கிரீன் டீ: ராமநாதபுரம் கடற்கரை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, சாயல்குடி வட்டாரத்தில் பங்குனி பிறந்தால் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். தம்ளர் என்றால் 200 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருண்ட இலையாக இருந்தால் தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 2 கிராம் நிற்கும். அகலமாக விரிந்த இலை அதில் பாதிதான் வரும், அதற்கு அளவை இரட்டிப்பாக்குங்கள்.

கிரீன் டீன்னா பச்சையா இருக்க வேணாமா? எனக்கு மஞ்சளாத்தான் வருது.

மஞ்சளாகத்தான் வரவேண்டும். சாதாரண டீத்தூளும் இதுவும் ஒரே செடியின் இலைதான். பறித்த கையோடு ஆவியிலோ வாணலியிலோ சூடுகாட்டி விடுவதால் இலை கறுக்காமல் நிற்கிறது, அவ்வளவே வித்தியாசம். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வரும் இலை வெளிர்மஞ்சளாக, லேசான பச்சை ஓடியது போல இறங்கும். பளிச்சென்ற பச்சை வேண்டுமென்றால் அது இலையையே அரைத்த மாட்சா பொடி. சாதாரண இலையில் அந்த நிறம் வந்தால் சாயம் கலந்திருக்குமோ என்று சந்தேகப்படலாம். செம்பழுப்பாக வந்தால் இலை பழசு, சூடு அதிகம், இல்லையென்றால் தண்ணீரில் கோளாறு.

ஒரே ஒரு தம்ளர் போடணும். சுருக்கமா சொல்லுங்க.

120 மி.லி. தண்ணீர், 80 டிகிரி சூடு. அதில் ஒன்றேகால் தேக்கரண்டி இலை, அதாவது 2.5 கிராம். மூடி வைத்து இரண்டரை நிமிடம். வடிகட்டியில் ஊற்றி, இலையைப் பிழியாமல் சொட்டவிடுங்கள். பெரிய தம்ளரில் 120 கிராம் ஐஸ் (நடுத்தரக் கட்டி என்றால் 8) போட்டு அதன் மேல் சூடாகவே ஊற்றிக் கலக்குங்கள். அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கையில் தட்டிய புதினா நாலு இலை. முடிந்தது.

டீ பை என்றால் ஒன்றரைப் பை என்ற கணக்கு வரும். அதற்கு ஒரு பையைப் போட்டு தண்ணீரையும் ஐஸையும் 90 ஆகக் குறைப்பது எளிது. பைக்குள் இருப்பது தூளாக இருப்பதால் ஒன்றரை நிமிடத்திலேயே இறங்கிவிடும்.

தெர்மாமீட்டர் எல்லாம் நம்ம வீட்டுல இல்லை. 80 டிகிரியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தளதளவென்று கொதித்த தண்ணீர் மூன்று பங்கு, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் ஒரு பங்கு. இங்கே கோடையில் வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் 30 டிகிரி இருக்கும். கலந்தால் 82 வரும், பாத்திரம் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொண்டால் 80-க்கு வந்து நிற்கும். இளந்தளிர் இலை வைத்திருப்பவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று கலந்தால் 76, 77 கிடைக்கும். அடுப்பிலிருந்து இறக்கி "கொஞ்ச நேரம்" ஆறவிடு என்பதை நம்பவேண்டாம். அலுமினியச் சட்டிக்கும் கனத்த எவர்சில்வர் பாத்திரத்துக்கும் ஆறும் நேரம் வெவ்வேறு.

கசக்குது. தேன் விட்டாலும் போக மாட்டேங்குது.

பெரும்பாலும் பால் டீ போடும் பழக்கம்தான் காரணம். இலையை அடுப்பில் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். கொதிநீரில் கசப்பும் துவர்ப்பும் வேகமாக இறங்கும், இலையின் இனிப்புச் சுவை அடியில் அமுங்கிப் போகும். மூன்று நிமிடத்துக்கு மேல் ஊறவிடுவதும், கடைசியில் பையைக் கரண்டியால் அழுத்திப் பிழிவதும் அதே வேலையைச் செய்யும்.

இனிப்பு ஏன் உதவுவதில்லை என்றால், குளிர்ந்த பானத்தில் நாக்குக்கு இனிப்பு மங்கித் தெரியும், துவர்ப்பு மங்காது. கசந்துபோனதைத் திருத்த வழியில்லை. இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி, எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்து வேறு பானமாக்கிக் குடித்துவிடலாம்.

ஐஸ் போட்டதும் தண்ணியாப் போயிருது.

கணக்குப் பார்த்தால் புரியும். 70 டிகிரியில் இருக்கும் 200 மி.லி. டீயை 5 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 150 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அவ்வளவும் தண்ணீராகக் கலக்கிறது. அதனால்தான் முதலிலேயே இரட்டைக் காட்டமாக, குறைந்த தண்ணீரில் போடச் சொல்கிறோம். டீயை 32 டிகிரிக்கு ஆறவிட்டு ஐஸ் போட்டால் 60 கிராம்தான் உருகும். அப்படிச் செய்கிறவர்கள் தம்ளருக்கு 170 மி.லி. தண்ணீரும் அதே 2.5 கிராம் இலையும் எடுத்தால் சரியாக வரும்.

மிச்ச டீயை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து அதையே போடுவது நல்ல யோசனை. உருகினாலும் டீதான்.

எங்க வீட்டுத் தண்ணியில போட்டா மேல ஆடை மாதிரி படியுது, நிறமும் கறுத்துப் போகுது. இலை மாத்தியும் பார்த்தாச்சு.

இலையை மாற்றிப் பயனில்லை, தண்ணீரை மாற்றவேண்டும். கடலோரத்துக் கிணற்றிலும் போரிலும் சுண்ணாம்பு உப்புகள் அதிகம். அவை டீயின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து மேலே மெல்லிய படலமாக மிதக்கும். தண்ணீரில் காரத்தன்மை இருந்தால் டீ சில நிமிடத்தில் பழுப்பாகும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்புகளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்புடையது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. குடிக்க அனுமதி உள்ள தண்ணீர் கிரீன் டீக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்றில்லை. 50-லிருந்து 150-க்குள் இருந்தால் டீ தெளிவாக இறங்கும், 300 தாண்டினாலே மந்தம் தெரியும்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகளில் அதையே காய்ச்சி எடுங்கள். 10 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, அடியில் வெள்ளையாகப் படிந்ததை விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் இறுத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி போய்விடும். மணலில் தோண்டிய ஊத்துத் தண்ணீர் வாய்க்கு இனிப்பாக இருந்தாலும் காய்ச்சாமல் எடுக்கக் கூடாது. உப்புக் கரிக்கும் தண்ணீரை எவ்வளவு காய்ச்சினாலும் உப்பு போகாது, இன்னும் கூடத்தான் செய்யும். அங்கே கேன் தண்ணீர்தான் வழி. டீக்கும் ஐஸுக்கும் சேர்த்தே கேன் தண்ணீர் எடுங்கள். டீயை நல்ல தண்ணீரில் போட்டுவிட்டு போர் தண்ணீரில் உறைந்த ஐஸைப் போடுகிற வீடுகள் நிறைய.

அவசரத்துக்கு ஒரு வழி: ஆடை படிந்த டீயில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டுக் கலக்கினால் படலம் கரையும், நிறமும் வெளுக்கும். உப்புச் சுவை மட்டும் அப்படியே இருக்கும்.

நல்ல கேன் தண்ணிதான். ஆனா ஆறினதும் கலங்கிருது. கெட்டுப் போச்சா?

கெடவில்லை. காட்டமான டீ குளிரும்போது அதிலுள்ள காஃபினும் துவர்ப்புச் சத்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கலங்கலாகத் தெரியும். சூடாக்கினால் மறுபடி தெளியும். சூடு ஆறுமுன் ஃபிரிட்ஜில் தள்ளாமல், வெளியில் ஆறவிட்டு வைத்தால் குறையும். கண்ணாடித் தம்ளரில் விருந்தாளிக்குக் கொடுக்கவேண்டும் என்றால் அடுத்த பதிலில் உள்ள முறையே மேல். கெட்டுப்போன டீ வேறு மாதிரி இருக்கும். புளித்த வாடை, நூல் நூலாக இழுக்கும் கொழகொழப்பு, மேலே நுரை.

ராத்திரி பச்சைத் தண்ணியில ஊறவச்சு காலையில குடிக்கலாம்னு சொல்றாங்களே?

கசப்புக்குப் பயந்தவர்களுக்கு இதைவிடச் சுலபமான முறை இல்லை. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் 1 லிட்டர், இலை 10 கிராம், மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில், ஃபிரிட்ஜில் 6 முதல் 8 மணி நேரம். காலையில் வடிகட்டி இலையை எடுத்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் காஃபினும் துவர்ப்பும் மெதுவாகவே இறங்கும், இனிப்புச் சுவை தாராளமாக இறங்கும். கலங்கவும் கலங்காது.

சூடே படாத முறை என்பதால் தண்ணீர் சுத்தமாக இருப்பது இங்கே கட்டாயம். பாட்டிலையும் கொதிநீர் விட்டு அலசுங்கள். இலை 12 மணி நேரம் கிடந்தால் புல் வாடை வரத்தொடங்கும்.

ஃபிரிட்ஜ் இல்லையே. மண்பானையில வச்சா? இல்லேன்னா மொட்டைமாடி வெயில்ல பாட்டிலை வச்சு இறக்குறாங்களாம்?

வெயிலில் வைப்பதை விட்டுவிடுங்கள். மாடி வெயிலில் பாட்டில் 40, 50 டிகிரிக்குப் போகும். இலையிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமி சாக அந்தச் சூடு போதாது, பெருகுவதற்கு அளவான சூடு.

மண்பானை தண்ணீரைக் குளிரவைப்பது பானையின் மேல் கசியும் ஈரம் காற்றில் உலர்வதால். பரமக்குடி, கமுதி வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். கடல் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருப்பதால் பாம்பனில் அதே பானை அந்த அளவுக்குக் குளிராது. பானையில் டீயை ஊற்றி வைக்காதீர்கள், துவர்ப்பும் வாடையும் மண்ணில் ஏறிவிடும். தண்ணீரைப் பானையில் வைத்து, சூடான டீயைக் காட்டமாகப் போட்டு, ஆறியதும் அந்தத் தண்ணீரை விட்டு உடனே குடித்துவிடுங்கள்.

ஐஸ் கம்பெனியில பார் ஐஸ் மலிவா கிடைக்குதே. உடைச்சுப் போட்டா என்ன, டீ கொதிச்சதுதானே?

மீனுக்குப் போடுவதற்கென்று உறையவைக்கும் ஐஸை வாயில் வைக்கக் கூடாது. மீனைக் குளிர்விக்க எந்தத் தண்ணீர் போதுமோ அந்தத் தண்ணீரில் உறைவது அது. தரையில் இழுத்து, கொக்கியில் குத்தி, படகுக்குப் போகும் வண்டியில் ஏற்றுவார்கள். உறைவதால் கிருமி சாகாது, தூங்கும். உருகியதும் எழுந்துவிடும். டீ கொதித்ததாக இருந்தாலும் ஐஸ் விழும்போது அதன் சூடு இறங்கிவிடுகிறது, கிருமியைக் கொல்லும் வேலை நடப்பதில்லை.

வீட்டில் நிறைய ஐஸ் வேண்டுமென்றால் கேன் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து 1 லிட்டர் டப்பாக்களில் முந்தைய நாட்களிலேயே உறையவையுங்கள். பெரிய கட்டி மெதுவாக உருகும். ஃபிரீசரில் மீன் இருந்தால் டப்பாவுக்கு மூடி கட்டாயம். திறந்த ஐஸ் தட்டு இரண்டு நாளில் சீலா மீன் வாடையைப் பிடித்துக்கொள்ளும், கிரீன் டீயில் அது ஒளியாது.

சீனி கரைய மாட்டேங்குது. கருப்பட்டி போடலாமா?

குளிர்ந்த டீயில் சீனி அடியில்தான் நிற்கும். 100 கிராம் சீனியை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விட்டுப் பாகாக வைத்துக்கொள்ளுங்கள். தம்ளருக்கு 15 மி.லி. போதும், ஏறத்தாழ 9 கிராம் சீனி.

பனங்கற்கண்டு அதே அளவில் பொருத்தமாக வரும். கருப்பட்டி சுக்குக் காபிக்குப் பொருந்துகிற அளவுக்கு இதற்குப் பொருந்தாது என்பது எங்கள் அபிப்பிராயம். சாயல்குடிக் கருப்பட்டியின் மணம் எதையும் மூடிவிடும், கிரீன் டீயின் மெல்லிய மணம் எம்மாத்திரம். போட்டே ஆகவேண்டும் என்றால் பாகைத் துணியில் வடிகட்டுங்கள், மணலும் சுண்ணாம்புத் துகளும் இருக்கும். டீ கறுப்பாகத் தெரியும், பயப்படவேண்டாம்.

நன்னாரி, சப்ஜா, பாதாம் பிசின் இதெல்லாம் எவ்வளவு?

நன்னாரி சர்பத் 20 மி.லி., அரை மூடி எலுமிச்சை, 180 மி.லி. குளிர்ந்த டீ. சர்பத்திலேயே இனிப்பு இருப்பதால் வேறு பாகு வேண்டாம். சப்ஜா விதை 1 தேக்கரண்டியை அரைத் தம்ளர் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவையுங்கள். டீயிலேயே நேராகப் போட்டால் பாதி ஊறி அடியில் கட்டியாகும். பாதாம் பிசின் இரண்டு சின்னக் கட்டி போதும். இரவு முழுக்க ஊறினால் ஒரு கிண்ணம் நிறையும். மூன்றையும் ஒரே தம்ளரில் போட்டால் அது ஜிகர்தண்டா பக்கம் போய்விடும், டீ எங்கே இருக்கிறதென்று தேடவேண்டும்.

பதநீர்ல கிரீன் டீ இலையைப் போட்டு ஊறவச்சேன். செம்மண் தண்ணி மாதிரி ஆயிருச்சு. ஏன்?

கலயத்தில் தடவிய சுண்ணாம்பு. அதுதான் பதநீர் புளித்துக் கள்ளாகாமல் காக்கிறது. போர் தண்ணீருக்குச் சொன்ன அதே காரத்தன்மை இங்கே இன்னும் கூடுதல், அதனால் இலையின் சாரம் உடனே பழுப்பாகிறது. எலுமிச்சை பிழிந்தால் நிறம் திரும்பும், பதநீரின் ருசி திரும்பாது. பதநீரைப் பதநீராகவே குடிப்பது நல்லது.

அப்ப நுங்கு? இளநீர்?

இரண்டும் ஒத்துப்போகும். நுங்கின் மேல்தோலை உரித்துவிடுங்கள், அதன் துவர்ப்பு டீயின் துவர்ப்போடு சேர்ந்தால் நாக்கு இழுக்கும். இளசாக எடுத்து, கையால் பிய்த்து, பரிமாறும்போது தம்ளருக்கு இரண்டு கண் போடுங்கள். முன்கூட்டியே போட்டு வைத்தால் தண்ணீர் விட்டு டீ நீர்த்துப்போகும்.

இளநீர் என்றால் காட்டமாகப் போட்டு ஆறவைத்த டீ 70 மி.லி., இளநீர் 130 மி.லி., இனிப்பு வேண்டாம். வெட்டிய கையோடு கலந்து குடிக்கவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீர்க் கலவையை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

சங்குப்பூ போட்டு நீலமா, ஊதாவா செய்றாங்களே, அது கிரீன் டீயில வருமா?

வரும், கொஞ்சம் தந்திரம் வேண்டும். டீயின் மஞ்சளோடு கலந்தால் நீலம் மங்கிக் கலங்கல் பச்சையாகத் தெரியும். பூவைத் தனியாக ஊறவையுங்கள். காம்பு நீக்கிய 6 பூவுக்கு 50 மி.லி. கொதிநீர், 5 நிமிடம். தம்ளரில் ஐஸ், குளிர்ந்த டீ, பாகு ஊற்றிய பின் இந்த நீல நீரை மேலே மெதுவாக விடுங்கள். எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாக மாறும். பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவதும் அந்த நொடியைத்தான், ஆகவே எலுமிச்சை கடைசியில்.

பால் ஊத்தலாமா?

வேண்டாம். மணம் போய்விடும், எலுமிச்சை இருந்தால் திரிந்தும் போகும்.

வீட்டுல விசேஷம், 50 பேரு. எப்படிச் செய்றது?

முந்தின மாலை 3.5 லிட்டர் தண்ணீரை 80 டிகிரிக்குக் கொண்டுவந்து 125 கிராம் இலை, 3 நிமிடம், வடிகட்டுங்கள். இலை தன் எடையைப் போல மூன்று, நாலு மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் கையில் கிடைப்பது 3 லிட்டர்தான். பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் கிளறி ஆறவைத்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். கலங்கும், விடுங்கள். மறுநாள் குளிர்ந்த கேன் தண்ணீர் 5 லிட்டர், 750 கிராம் சீனியில் காய்ச்சிய பாகு, 10 எலுமிச்சையின் சாறு, கடைசியில் டப்பா ஐஸ் இரண்டு கிலோ.

எவர்சில்வர் அண்டாவே போதும். ஈயம் பூசாத பித்தளை, செம்பு, இரும்பு வேண்டாம். எலுமிச்சை உலோகத்தை அரிக்கும், இரும்பில் டீ மைபோலக் கறுக்கும்.

லாத்தா (அக்கா), நோன்பு திறக்கும்போது இதைக் குடிக்கலாமா?

முதல் வாயாக வேண்டாம். நாள் முழுக்கக் காலியாக இருந்த வயிற்றில் துவர்ப்பு போய் விழுந்தால் சிலருக்குக் குமட்டும். பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி எல்லாம் ஆன பிறகு, மஃரிப் (அந்தித் தொழுகை) தொழுதுவிட்டு வந்து குடிக்கலாம். ராத்திரித் தொழுகையான தராவீஹுக்குப் பிறகு குடித்தால் ஸஹர் (விடியுமுன் சாப்பிடும் நேரம்) வரை தூக்கம் தள்ளிப்போகலாம், ஊறவைத்த முறையில் செய்ததை எடுத்தால் அந்தத் தொல்லை குறைவு.

கடலுக்குப் போறவங்களுக்கு, உப்பளத்து வேலைக்குப் போறவங்களுக்கு பிளாஸ்க்ல கொடுத்து விடலாமா?

கொடுக்கலாம், தண்ணீருக்குப் பதிலாக மட்டும் கொடுக்காதீர்கள். வேர்வையில் போவது தண்ணீரும் உப்பும். டீயில் உப்பு இல்லை. உப்புப் போட்ட நீர்மோரும் கஞ்சித் தண்ணீரும் அந்த வேலையைச் செய்யும், மயக்கம், தசைப்பிடிப்பு என்று வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்தான். பிளாஸ்கில் இலையை விட்டு அனுப்பாதீர்கள், கரை திரும்பும்போது கசந்திருக்கும்.

ரத்தம் கம்மின்னு மாத்திரை சாப்பிடுறேன். குடிக்கலாமா? மாசமா இருக்கவங்க?

டீயின் துவர்ப்புச் சத்து சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் முழுதாகச் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபினுக்குள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. ஒரு தம்ளரில் 25 முதல் 40 வரை இருக்கும், அன்றைக்குக் குடித்த காபி, டீயையும் சேர்த்து எண்ணவேண்டும். ரத்தக்கொதிப்பு, ரத்த உறைவு மாத்திரை எடுப்பவர்கள் தினமும் குடிக்கத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எத்தனை நாள் வச்சிருக்கலாம்? கரண்ட் போயிருச்சுன்னா?

வடிகட்டி மூடியது ஃபிரிட்ஜில் ஒரு நாள் நன்றாக இருக்கும், இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். புதினா, பழத்துண்டு போட்டது அன்றன்றைக்கே தீரவேண்டும். வெளியில் என்றால் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். மின்சாரம் போனால் கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும், அதற்கு மேல் போனால் கொட்டிவிடுங்கள்.

பாக்கெட் பிரிச்சு ஒரு மாசம்தான் ஆச்சு, வாசமே இல்லை.

கடல் காற்று. இலை ஈரத்தையும் வாடையையும் உறிஞ்சும். 50 அல்லது 100 கிராம் பாக்கெட்டாக வாங்கி, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில், ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள். கருவாடு, மசாலா இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். நமத்த இலையை வெறும் வாணலியில் சிறுதீயில் இரண்டு நிமிடம் புரட்டினால் ஈரம் போகும், வறுத்த மணம் வரும். பழைய மணம் வராது, ஆனாலும் ஐஸ் டீக்குத் தாராளமாக ஆகும்.

ஒருதரம் போட்ட இலையை மறுபடி போடலாமா?

சூடான முறையில் போட்டதை உடனே இன்னொரு முறை போடலாம். தண்ணீரை 60 மி.லி. ஆகக் குறைத்து, நேரத்தை 3 நிமிடமாகக் கூட்டி, ஐஸையும் பாதியாக்குங்கள். இரவெல்லாம் ஊறிய இலையில் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஈர இலையை மதியம் வரை வெளியில் வைத்திருந்து மறுபடி போடுவது கூடாது, அதைக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டுவிடுங்கள்.